கீழ்வீட்டு மீட்டர்

மின்சாரக் கார் வாங்கியது என் மனைவியின் முதுகுக்காக. பூந்தமல்லியைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். பருத்திப்பட்டிலிருந்து பதினோரு வருஷம் ஸ்கூட்டரில் போய்வந்தாள். போன வருஷம் எலும்பு முறிவு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இனி இரண்டு சக்கர வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிப் பாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிறவன். காலையில் அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போவது, சாயங்காலம் அதே மாதிரி திரும்பி வருவது என்று ஏற்பாடு. ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. பெட்ரோல் கார் என்றால் கட்டுப்படியாகாது. அதனால் தீபாவளிக்கு முன்னால் சின்னதாக ஒரு மின்சாரக் கார் வாங்கினோம்.

வாங்குகிறவரைக்கும் கரண்ட் பில்லைப் பற்றி நான் யோசிக்கவில்லை. ஷோரூமில் இருந்தவர், "செல்போனுக்குப் போடற மாதிரி வீட்டுல சொருகிட்டாப் போதும் சார்" என்று சொன்னார். அதையே நம்பினேன். வண்டி வந்து இரண்டு வாரம் கழித்து, மீட்டரைப் பார்த்தபோதுதான் கணக்குப் புரிந்தது.

நம் ஊரில் வீட்டுக் கரண்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பார்கள். முதல் நூறு யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். ஐந்நூறு வரைக்கும் ஒரு மாதிரி, ஐந்நூறைத் தாண்டிவிட்டால் வேறு மாதிரி. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் இல்லை, அதற்குக் கீழே இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து விலை மாறிவிடும். எங்கள் வீட்டில் ஒரு ஏ.சி., ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின். கோடையில்கூட நானூற்றைம்பதுக்குள் இழுத்துப் பிடித்து நிறுத்திவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமையே உண்டு. கார் வந்ததும் அந்தக் கோடு எங்கேயோ போய்விட்டது.

எங்கள் வீடு இரண்டு அடுக்கு. அப்பா காலத்தில் ஏரிக்கரைப் பக்கம் இருந்த நிலமெல்லாம் மனையாகப் போனபோது, மிச்சம் வைத்துக்கொண்ட ஒரு துண்டில் கட்டியது. மாடியில் நாங்கள். கீழே ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. அதை வாடகைக்கு விட்டிருந்தோம். இரண்டுக்கும் தனித்தனி மீட்டர்.

கீழே ஆறு வருஷமாக ஒரு குடும்பம் இருந்தது. அவர் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அவர் மனைவி பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை செய்தார். ஒரே பெண். அவர்கள் வீடு கேட்டு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கேட்டுக்கு வெளியில் நின்றுகொண்டே அவர் சொன்னார்:

"சார், முன்னாடியே சொல்லிட்றேன். நாங்க காலனிக்காரங்க. ரெண்டு எடத்துல குடி வந்தப்புறம் விசயம் தெரிஞ்சி, சொந்தக்காரங்க வராங்கனு சொல்லிக் காலி பண்ண வச்சிட்டாங்க. அதான், இப்பவே கேட்டுக்கலாம்னு."

எங்கள் பக்கத்தில் வீடு கேட்டு வருகிறவர்களிடம், 'சொந்த ஊர் எது, எந்தத் தெரு' என்று கேட்பார்கள். சாதியைக் கேட்கிறார்கள் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். நான் அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. "அதெல்லாம் எனக்குத் தேவையில்லைங்க. உள்ளே வந்து வீட்டைப் பாருங்க" என்றேன். அடுத்த தெருவில் இருக்கிற என் பெரியப்பா மகன் இதற்காக என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை. அதைக்கூட நான் ஒரு பதக்கம் மாதிரி வைத்திருந்தேன். ஆபீசில், கல்யாண வீடுகளில், யாராவது இந்த மாதிரி விஷயம் பேசினால், நான் வீடு கொடுத்த கதையைச் சொல்லிவிடுவேன். பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

காருக்கு சார்ஜ் போட ப்ளக் பாயின்ட் வைக்க ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். திருமுல்லைவாயல்காரர், எனக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். புதிதாக எர்த் போட்டு, தடித்த ஒயர் இழுத்து, படிக்கட்டுக்குக் கீழே பெட்டியைப் பொருத்திக்கொண்டிருந்தார். நான் பில்லைப் பற்றிப் புலம்பினேன். அவர் ஸ்க்ரூ டிரைவரை வாயில் கடித்துக்கொண்டு இரண்டு மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, ரெண்டு மீட்டர வச்சிகினு அழுவுற? கீய் ஊட்டு லைன்ல வண்டியப் போடு. அதுலயும் நூறு ஃப்ரீ கீது, அஞ்சூறு வரைக்கும் கம்மி ரேட்டு கீது."

"அதுல குடும்பம் இருக்கேப்பா. அவங்களே இருநூத்தம்பது முந்நூறு எடுக்கறாங்க. கார் அதுல சேர்ந்தா அதுவும் தாண்டிடும்."

"குடும்பம்னா அப்டித்தான். மிக்ஸி, டிவி, தண்ணி மோட்டார்னு ஓடிகினே இருக்கும். பேச்சுலர் பசங்களா பாத்து வை. காலைல போனா ராத்திரிதான் வருவானுங்க. ஒரு ஃபேனு, ஒரு லைட்டு, அவ்ளோதான். கரண்ட்டோட சேத்து வாடகைனு பேசிடு. வாடகையும் கூட வரும், வண்டிக்கும் எடம் கெடைக்கும். எனக்குத் தெரிஞ்சி ரெண்டு பசங்க ரூம் தேடிகினு கீறானுங்க."

அவர் அதை வேலையோடு வேலையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான்தான் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேன்டீனில் பேப்பரை எடுத்துக் கணக்குப் போடுவேன். மேல் மீட்டரில் இவ்வளவு, கீழ் மீட்டரில் இவ்வளவு. பேச்சுலர்கள் வந்தால் இரண்டுமே ஐந்நூறுக்குள் நின்றுவிடும். தாளில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. தரம் பார்க்கிற வேலையில் இருபது வருஷம் ஆனவன் நான். ஒரு அளவு எல்லைக்குள் உட்கார்ந்துவிட்டால் மனசு அமைதியாகிவிடும்.

மின்வாரிய அலுவலகத்துக்குப் போய், வீட்டில் கார் சார்ஜ் போட என்ன வழி, எந்தக் கட்டணம் எனக்குச் சரிவரும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். ஏன் போகவில்லை என்று யோசித்தால், எனக்கு அப்போதே ஒரு விடை பிடித்துவிட்டது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு பத்தாவது படிக்குதுங்க" என்றாள்.

"அதுக்கு நாம என்ன பண்றது? வீடு நம்மளது. வண்டி உனக்காகத்தான வாங்கினது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. கீரைத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, "நீங்களே சொல்லிக்கோங்க. நான் அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேன்" என்றாள்.

மார்கழி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கீழே போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து மகளுடைய சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். எழுந்து, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். கரண்ட் விஷயத்தை உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் படி இறங்கினேன். ஆனால் ஒரு காருக்காகக் காலி செய்யுங்கள் என்று ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது? வாய்க்குச் சுலபமாக வந்ததைச் சொன்னேன்.

"எங்க பெரியப்பா மகன் வீட்டுப் பையனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கு. அவங்களுக்கு இடம் பத்தல. கீழ வந்து இருக்கலாம்னு கேக்கறாங்க. சொந்தக்காரங்க, தட்ட முடியல..."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு பார்வையைச் சைக்கிளுக்குத் திருப்பிக்கொண்டார்.

"சரிங்க சார்."

அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "பாப்பாவுக்குப் பங்குனில பரீட்ச. அது முடியற வரைக்கும்னா முடியுமா சார்?"

"அவங்க தை பொறந்ததும் வரணும்ங்கறாங்க."

"சரிங்க சார், பாக்கறேன்."

நான் படியேறும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. சண்டை இல்லாமல் முடிந்ததே என்று. இன்றைக்கு எல்லாவற்றையும்விட அந்த நிம்மதியை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

அவர்கள் தை இரண்டாம் வாரம் போனார்கள். குத்தம்பாக்கத்தில் வீடு கிடைத்திருப்பதாகச் சொன்னார். ஒரு சின்ன லாரி வந்தது. அவர் மனைவி வீட்டைக் கழுவி, சமையல் மேடையைத் தேய்த்து, ஜன்னல் கம்பியைக்கூடத் துடைத்துவிட்டுச் சாவி கொடுத்தார். சுவரில் அந்தப் பெண் ஒட்டியிருந்த தனிம அட்டவணையை ஜாக்கிரதையாகப் பிரித்து எடுத்துப் போயிருந்தார்கள். அட்வான்ஸில் வெள்ளையடிக்க என்று எதையும் பிடிக்காமல் முழுசாகக் கொடுத்தேன். நல்ல வீட்டுக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொள்ள அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரமே எலக்ட்ரீஷியன் அந்த இரண்டு பேரைக் கூட்டிவந்தார். தெற்கேயிருந்து வந்தவர்கள், எங்கள் எஸ்டேட்டிலேயே வேறு கம்பெனியில் வேலை. மரியாதையான பசங்கள். கார் கீழ்வீட்டு மீட்டருக்கு மாறியது. முதல் பில் வந்தபோது இரண்டு மீட்டரும் ஐந்நூறுக்குள். செல்போனில் அதைக் காட்டி கேன்டீனில் நாலு பேருக்குப் பாடமே எடுத்தேன். "இதுதான்யா மூளைன்றது" என்று ஒருவர் முதுகில் தட்டினார்.

அந்த மூளை இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. பசங்களுக்கு காஸ் கனெக்‌ஷன் இல்லை. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினார்கள். சோறு, குழம்பு, குளிக்க வெந்நீர் எல்லாம் அதில்தான். வெயில் ஏறியதும் ஒரு பெரிய ஏர் கூலர் வந்தது. கரண்ட் வாடகையோடு சேர்ந்தது என்று நானே பேசியிருந்தேன். அவர்கள் எதற்குக் கஞ்சத்தனம் பண்ண வேண்டும்? பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுப்பும் கூலரும் காரும் ஒரே நேரத்தில் ஓடி, படிக்கட்டுக்குக் கீழே படபடவென்று சத்தம், கருகிய வாசனை. மெயின் ஃப்யூஸ் இருக்கிற கட்-அவுட் எரிந்துவிட்டிருந்தது. அடுத்து வந்த பில்லில் கீழ்வீட்டு மீட்டர் ஐந்நூறை எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

அப்போதுதான் மின்வாரிய அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சொந்தக் காருக்கு வீட்டுல சார்ஜ் போட தனியா ஒண்ணும் வேணாம் சார். நீங்க குடியிருக்கற வீட்டு இணைப்புலயே போடலாம். லோடு எத்தனை கிலோவாட்டுன்னு மட்டும் ஏத்தி எழுதிக் குடுங்க. இல்ல, வண்டிக்குன்னே தனி இணைப்பு வேணும்னா அதுக்கு வேற கட்டணம், வண்டி ஓடினாலும் ஓடாட்டியும் மாசாமாசம் நிலைக் கட்டணம் உண்டு. ஒரு காருக்கு வீட்டு இணைப்பே போதும். கீழ்வீட்டு லைன்ல எதுக்கு சார் போட்டீங்க? அது குடியிருக்கறவங்களுக்கு உள்ளது."

"ஐந்நூறத் தாண்டுதேன்னுதான் மேடம்."

"தாண்டத்தான் செய்யும். கார் வாங்கியிருக்கீங்களே" என்றார். கேலி இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

வெளியே வந்து வேப்பமர நிழலில் காருக்குள் உட்கார்ந்து, நேர்வழியில் போனால் எவ்வளவு கூட வரும் என்று பார்த்தேன். நான் முதலிலேயே மாடி இணைப்பில் காரைப் போட்டு, ஐந்நூறைத் தாண்டி, பில்லைக் கட்டியிருந்தால், கூடுதலாக ஆகியிருப்பது நாங்கள் இரண்டு பேரும் மாதத்துக்கு இரண்டு முறை ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிடுகிற அளவு. பெட்ரோலுக்கு ஆகியிருப்பதில் பாதிகூட இல்லை. அதற்காகத்தான் ஒரு குடும்பத்தை எழுப்பி அனுப்பியிருந்தேன்.

மாடி இணைப்புக்கே காரை மாற்றினேன். அதோடு முடிந்திருக்கும். ஆனால் சித்திரையில் அந்தப் பெண்ணின் பெயருக்கு எங்கள் முகவரிக்குத் தபாலில் ஆதார் அட்டை வந்தது. அவருக்கு போன் செய்தேன்.

"கொரியர்ல போட்டுடுங்க சார். உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"இல்லப்பா, நானே கொண்டு வரேன். ஞாயித்துக்கிழமை வீட்டுலதான இருப்பீங்க?"

"வாங்க சார்" என்றார்.

குத்தம்பாக்கத்தில் புதுப் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம், பாதி கட்டிய வீடுகளுக்கு நடுவில் இருந்தது அவர்கள் வீடு. சிமென்ட் ஷீட் கூரை. ஹால் எங்கள் கீழ்வீட்டு ஹாலில் பாதி. அவர் மனைவி டீ கொடுத்தார். அந்தப் பெண் வந்து, "வணக்கம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். முன்பெல்லாம் படியில் என்னைப் பார்த்தால் நின்று நாலு வார்த்தை பேசுவாள்.

"பரீட்சை எப்படி எழுதுச்சு?" என்றேன்.

"எழுதியிருக்குது சார். கடேசி ரெண்டு மாசம் ஆவடி ஸ்கூலுக்குப் போய்வரதுதான் ரொம்பக் கஷ்டமாப் பூடுச்சு. ரெண்டு பஸ். காலைல ஆறு மணிக்குக் கெளம்பும். வந்து ஒக்காந்தா அப்டியே தூங்கிடும்" என்றார் அவர் மனைவி.

அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டேன், பதில் சொன்னார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பேச்சை மாற்ற நினைத்து, "நம்ம வீட்டுல இருந்தவரைக்கும் உங்களுக்கு ஏதாவது மனக்கஷ்டம்..." என்று ஆரம்பித்தேன். எதற்கு ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

அவர் மனைவிதான் பேசினார். "இல்ல சார், ஆறு வருசம் உங்ககிட்ட நல்லாத்தான் இருந்தோம். கடேசியில உங்க அண்ணன் ஊட்டாளுங்க ரொம்ப நெருக்கி இருப்பாங்கனு எங்களுக்குத் தெரியும். அவங்க எங்க மூஞ்சியப் பாத்துக்கூடப் பேச மாட்டாங்களே. நீங்களும் எத்தினி நாளுதான் தாங்குவீங்க?"

எனக்குப் புரியவில்லை. "யார் நெருக்கினாங்க?" என்றேன்.

இப்போது அவர் பேசினார், தரையைப் பார்த்துக்கொண்டு. "விடுங்க சார். உங்க சொந்தக்காரங்க யாரும் அங்க வரலனு எங்களுக்குத் தெரியும். வேற ஊருப் பசங்க ரெண்டு பேரு குடி வந்துகீறாங்கனு காய்கறி வண்டிக்காரர் சொன்னாரு. நாங்க உங்களத் தப்பா நெனைக்கல. எல்லாரும் சொல்றதத்தான நீங்களும் சொன்னீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'சொந்தக்காரங்க வராங்க.' வேறு வீட்டுக்காரர்கள் அவரிடம் சொன்ன அதே பொய். கேட்டுக்கு வெளியே நின்று, இதை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்பது போல அவர் முதல் நாளே என்னிடம் சொல்லிவைத்த பொய். ஆறு வருஷம் கழித்து, அவர் வாசலில் நின்று, ஒரு வார்த்தை மாறாமல் அதையே சொல்லியிருக்கிறேன். மூன்று மாதமாக அவர்கள் இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இவரும் கடைசியில் அதற்காகத்தான் அனுப்பினார் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஐயோ, அது இல்லைங்க. சத்தியமா அது இல்லை" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கார், ஐந்நூறு யூனிட், இரண்டு மீட்டர், எலக்ட்ரீஷியன், பேச்சுலர் பசங்கள், எரிந்துபோன கட்-அவுட். சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்ன விஷயம் என்பது எனக்கே தெரிந்துகொண்டு வந்தது. பாதியில் நிறுத்திவிட முடிந்திருந்தால் நிறுத்தியிருப்பேன். உள்ளே அந்தப் பெண் புத்தகம் புரட்டும் சத்தம் நின்றுவிட்டது.

அவர் எழுந்துபோய் வாசலில் நின்று, தெருவில் நிற்கிற காரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்த வண்டிக்கா சார்?"

"ஆமாம்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே சார். எங்க லைன்லயே போட்டுக்குங்க, வர்ற பில்ல நீங்க கட்டிடுங்கனு பேசியிருக்கலாம். இல்ல, அஞ்சூறத் தாண்டாம நாங்க பாத்துக்கினு இருந்திருப்போம். நம்ம ஊட்டு அக்காவுக்கு முதுகு வலினு எங்களுக்கும்தான தெரியும்."

நான் மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வந்துவிடுங்கள், பசங்களை வேறு இடம் பார்க்கச் சொல்கிறேன், பழைய வாடகையே போதும் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "வேணாம் சார். இங்க அட்வான்ஸ் குடுத்துட்டோம். பாப்பாவுக்கும் திருமழிசைல பதினொண்ணாவது பாத்துகினு கீறோம். அதுவும் இல்லாம..." நிறுத்தினார். "நாங்க நெனச்ச காரணமா இருந்தா அத எப்டி எடுத்துக்கறதுனு எங்களுக்குத் தெரியும் சார். பழகிப்போனது. இத எப்டி எடுத்துக்கறதுனு எனக்குத் தெரியல."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். ஆதார் அட்டையைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். கார் வரைக்கும் கூட வந்து, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று கைகாட்டி உதவினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை.

"அவங்க உங்க அண்ணன் மேல பழியைப் போட்டுட்டு, உங்களை நல்லவராவே வச்சிருந்தாங்க. அதைப் போய்க் கெடுத்துட்டு வந்திருக்கீங்க. யாருக்காகச் சொன்னீங்க, அவங்களுக்காகவா, உங்களுக்காகவா?"

எனக்காகத்தான். சாதி பார்க்கிறவன் என்று ஒரு மனிதர் நினைப்பதை என்னால் ஒரு நிமிஷம் தாங்க முடியவில்லை. அந்தக் கறையைத் துடைத்துக்கொள்ள அவசரப்பட்டு, அதைவிட அற்பமான ஒன்றை அவர்கள் வீட்டு ஹாலில் கொட்டிவிட்டு வந்திருந்தேன்.

அதோடும் அது நிற்கவில்லை. சத்தியமாக அது இல்லை என்று சொன்னேனே, அது முழு உண்மையா என்று பிறகு என்னை நானே கேட்டுக்கொண்டேன். கீழே இருந்தது என் மனைவியின் தம்பி குடும்பமாக இருந்திருந்தால், அல்லது எங்கள் தெருக்காரர் ஒருவராக இருந்திருந்தால், பத்தாவது படிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு காலி செய்யுங்கள் என்று அவ்வளவு சுலபமாகப் போய் நின்றிருப்பேனா? ஊர் என்ன சொல்லும் என்று பயந்திருப்பேன். பங்குனி வரைக்கும் பொறுத்திருப்பேன். உள்ளதைச் சொல்லிப் பேசியிருப்பேன். இவர் 'சரிங்க சார்' என்று சொல்லிவிடுவார் என்று எனக்கு எங்கேயோ தெரிந்திருக்கிறது. ஏன் தெரிந்திருந்தது என்பதற்கு நான் சொல்லக்கூடிய எந்தப் பதிலும் எனக்குச் சாதகமாக இல்லை.

வீடு கொடுத்த கதையை இப்போது யாரிடமும் சொல்வதில்லை. பசங்கள் இன்னும் கீழே இருக்கிறார்கள். அவர்களுக்கு காஸ் வாங்க முகவரிச் சான்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் எரிக்கும் கரண்டுக்கு அவர்களே கட்டுவது என்று பேசி, அதற்கேற்ப வாடகையைக் குறைத்துக்கொண்டேன்.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் காரில் ஏறியதும் மனைவி சொன்னாள், பள்ளி வேலையாக மதியம் பூந்தமல்லி போனபோது பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தாளாம். நல்ல மார்க் வாங்கியிருக்கிறாளாம். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு கிடைத்துவிட்டதாம். கணக்கில் சந்தேகம் இருந்தால் போனில் கேள் என்று நம்பர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"கேக்கறேன்னு சொல்லுச்சா?" என்றேன்.

"பாக்கறேன் ஆன்ட்டின்னு சொல்லுச்சு."

வண்டியை எடுத்தேன். அந்தப் பெண் இதுவரைக்கும் போன் செய்யவில்லை.